மேனேஜர் பதவி என்கிறார்கள்; கையெழுத்துப் போடலாமா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

ருமேனியாவில் ப்ளோயெஷ்ட் நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். வந்து இரண்டு ஆண்டாகப் போகிறது. ஊரில் பி.காம். முடித்தவன். ஆங்கிலம் ஓரளவு வரும் என்பதால் அதை வைத்தே ருமேனிய மொழியைக் கைபேசியில் பழகினேன். மற்ற சொற்கள் பிடிபட்டுவிட்டன. ‘மேனேஜ்’, ‘டீல்’ இரண்டும்தான் உயிரை எடுக்கின்றன. ஒவ்வொரு முறை தேடும்போதும் வேறு வேறு சொல் வருகிறது. ஒரு நாள், ‘இன்றைய ஷிப்டை நன்றாக மேனேஜ் செய்துவிட்டேன்’ என்று சொல்ல நினைத்து ‘அம் ஜெஸ்தியோனாத் தூரா’ என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொரு நாள் ஷிப்ட் தலைவர் ‘தே தெஸ்கூர்ச் சிங்கூர்?’ என்று கேட்டார். தெஸ்கூர்கா என்றால் மேனேஜ் என்று படித்திருந்தேன். நம்மை நம்பி ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, ஆமாம் என்ற பொருளில் ‘தா’ என்றேன். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் இரண்டு பேர் வேலையை நான் ஒருவனே செய்கிறேன்.

இப்போது அலுவலகத்தில் இரண்டு பக்கத் தாள் ஒன்றை நீட்டி, மாத இறுதிக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அதில் என் பதவி ‘ஜெஸ்தியோனார்’ என்று இருக்கிறது. சம்பளம் கொஞ்சம் கூடுகிறது. என்னை அனுப்பிவைத்த ஏஜென்டிடம் போனில் கேட்டேன். ‘மேனேஜர் பதவி, யோசிக்காமல் போடு’ என்கிறார். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். போடலாமா? ‘மேனேஜ்’, ‘டீல்’ இரண்டுக்கும் உள்ள ருமேனியச் சொற்கள் அத்தனையையும் ஒரு பட்டியலாகத் தர முடியுமா?

(பெயர் வேண்டாம், ப்ளோயெஷ்ட்)

பதில்:

அன்புள்ள தம்பி,

பட்டியல் பிறகு. முதலில் பேனாவைக் கீழே வையுங்கள். ஜெஸ்தியோனார் என்பவர் மேனேஜர் அல்லர். நம் ஊர் ஆலைகளில் ‘ஸ்டோர் கீப்பர்’ என்போமே, அவர்தான் இவர். வந்த சரக்கை எண்ணி வாங்குவது, பத்திரமாக வைத்திருப்பது, கேட்டவர்களுக்குக் கணக்கோடு எடுத்துக் கொடுப்பது, இந்த மூன்றும்தான் அவருடைய வேலை. மரியாதையான வேலைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதில் அதிகாரத்தைவிடப் பொறுப்பு கனம். யாரையும் வேலை வாங்கும் உரிமை உங்களுக்கு வராது. ஒரு பெட்டி காணாமல் போனால் கேள்வி மட்டும் உங்களிடம் வரும்.

இதற்கென்றே ருமேனியாவில் தனிச் சட்டம் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் 22-ஆம் எண் சட்டம். கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்கு காலத்தில் வந்து, திருத்தங்களோடு இன்னும் நடப்பில் இருப்பது. ஜெஸ்தியோனார் யார், அவர் பொறுப்பு எதுவரை என்பதை அது வரையறுக்கிறது. அதன்படி அவர் பணமாக ஒரு பிணைத்தொகை வைக்க வேண்டும். வழக்கமாக அதைச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்து அவர் பெயரிலேயே வங்கியில் போட்டுவைப்பார்கள். ஆகவே உங்களுக்குச் சொல்லப்பட்ட ‘கூடுதல் சம்பளம்’ முதல் மாதங்களில் கைக்கு வருமா என்பதே கேள்வி. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சாதாரணத் தொழிலாளியால் நஷ்டம் என்றால், அவர் தவறுதான் என்று நிர்வாகம் நிரூபிக்க வேண்டும். ஜெஸ்தியோனார் பொறுப்பில் இருக்கும் சரக்கில் குறைவு உறுதியாகிவிட்டாலோ, அது தன் தவறு இல்லை என்று காட்டும் சுமை நடைமுறையில் அவர் தலையில் வந்து விழும். ‘லிப்ஸ இன் ஜெஸ்தியூனே’ என்பார்கள், பொறுப்பிலிருந்த சரக்கில் குறைவு என்று பொருள். கிடங்குகளில் இந்த மூன்று சொல்லைக் கேட்டால் முகம் மாறாதவர்கள் குறைவு.

அதற்காக இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு படித்தவர் நீங்கள், பொருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். உங்களிடம் நீட்டிய தாளின் தலைப்பில் ‘ஆக்த் அதித்ஸியொனால்’ என்று இருக்கும், அதாவது ஏற்கெனவே உள்ள வேலை ஒப்பந்தத்துக்கான இணைப்பு. ருமேனியத் தொழிலாளர் சட்டம், 2003-ஆம் ஆண்டின் 53-ஆம் எண், வேலை ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. மாத இறுதி என்பது அவர்கள் வைத்த கெடு. யோசிக்க நேரம் கேட்பதில் தவறில்லை.

கேட்க வேண்டிய முதல் தாள் ‘ஃபிஷா போஸ்துலுய்’. உங்கள் பதவிக்கு என்னென்ன வேலை என்று எழுதிய தாள். பதவியின் பெயரோடு ஆறு இலக்க எண் ஒன்றும் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த நாட்டின் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு, ஏமாற்றாத ஒரே பெயர்ப்பலகை அது. அந்த எண்ணைத் தேடிப் பார்த்தால் மேனேஜரா ஸ்டோர் கீப்பரா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், ஏஜென்டைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்து, கிடங்கின் சாவி உங்களைத் தவிர யார் யாரிடம் இருக்கும்? இரவு ஷிப்டில் நீங்கள் இல்லாதபோது சரக்கை எடுப்பவர் யாரிடம் கையெழுத்துப் போட்டு எடுப்பார்? உங்கள் விடுமுறையில் யார் பொறுப்பு? பொதுச் சாவியும் தனிப் பொறுப்பும் சேர்ந்து வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. கடைசியாக, பொறுப்பு கைமாறும் நாளில் முழுச் சரக்கையும் எண்ணிக் கணக்கெடுத்து, ‘ப்ரொச்சேஸ் வெர்பால்’ என்ற பதிவுத் தாளில் கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். கணினியில் இருக்கும் எண்ணிக்கையைக் காட்டி ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்பார்கள். அலமாரியில் இருப்பதை நீங்களே எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘கு ஒபியெக்த்ஸியூன்’, அதாவது ஆட்சேபத்துடன், என்று எழுதி, எந்தப் பொருளில் எத்தனை குறைகிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.

நான் மொழிபெயர்ப்பாளர், வழக்கறிஞர் அல்ல. ப்ளோயெஷ்ட் மாவட்டத் தலைநகரம் ஆகையால் தொழிலாளர் ஆய்வு அலுவலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஐ.தே.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தாளின் நகலோடு ஒருமுறை அங்கே போய்விட்டு வாருங்கள். பதவி மாறுவதால் உங்கள் வேலை அனுமதியில் ஏதாவது மாற வேண்டுமா என்று குடிவரவு அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.

ஏஜென்ட் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அகராதியில் பார்த்திருப்பார். ‘ஜெஸ்தியோனா’ என்ற வினைச்சொல்லுக்கு எதிரே ஆங்கிலத்தில் ‘மேனேஜ்’ என்றுதான் இருக்கும். அது தவறும் அல்ல. மேனேஜ் செய்பவர் மேனேஜர்தானே என்று அவர் அடுத்த படி ஏறியதில்தான் கால் இடறிவிட்டது. 2022 முதல் 2025 வரை ஆண்டுக்கு ஒரு லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க ருமேனிய அரசு அனுமதித்தது. நேபாளம், இலங்கை, இந்தியா, வங்கதேசம் என்று ஆட்கள் வந்து இறங்கினார்கள். தாள்கள் ருமேனிய மொழியில், ஏஜென்ட் ஆங்கிலத்தில், வீட்டுக்குச் செய்தி தமிழில். மூன்றாவது கைக்கு வரும்போது ஸ்டோர் கீப்பர் மேனேஜராகிவிடுகிறார்.

நீங்கள் ‘அம் ஜெஸ்தியோனாத் தூரா’ என்றபோது அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பதும் இதில் இருக்கிறது. அந்தச் சொல் செய்தியாளர் கூட்டத்தில் பேசும் சொல். நெருக்கடியை ஜெஸ்தியோனா செய்வார்கள், கடனைச் செய்வார்கள், மனநல ஆலோசகர்கள் கோபத்தையும் பதற்றத்தையும் செய்யச் சொல்வார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது தொலைக்காட்சியைத் திறந்தால் இந்தச் சொல்லாகத்தான் கொட்டியது. எட்டு மணி நேரம் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு வியர்வையோடு நிற்பவர் அதைச் சொன்னால், மந்திரி பேட்டி கொடுப்பது போல இருந்திருக்கும். ‘தூரா அ மெர்ஸ் பினே’ என்றால் போதும். ஷிப்ட் நல்லபடியாகப் போனது.

அப்படியானால் உண்மையான மேனேஜரை எப்படிச் சொல்வார்கள்? கிடங்குக்குத் தலைவர் ‘ஷெஃப் தே தெபோஸித்’. ஷிப்டுக்குத் தலைவர் ‘ஷெஃப் தே தூர’. இந்த ஷெஃப் சமையல்காரர் இல்லை, வெறும் தலைவர். பெரிய பதவி ‘திரெக்தோர்’. முதலாளியை ‘பத்ரோன்’ என்பார்கள். ‘அட்மினிஸ்ட்ராத்தோர்’ என்பதில் மட்டும் கவனம் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்க் கட்டணத்தையும் பராமரிப்புச் செலவையும் பங்கு பிரித்து வாசலில் ஒட்டிவைப்பவரும் அட்மினிஸ்ட்ராத்தோர்தான். 1990-ஆம் ஆண்டின் 31-ஆம் எண் கம்பெனிச் சட்டப்படி ஒரு நிறுவனத்தின் சார்பில் சட்டப்படி கையெழுத்திடுபவரும் அட்மினிஸ்ட்ராத்தோர்தான். உங்கள் ஒப்பந்தத்தின் முதல் வரிகளில் கம்பெனியின் பெயருக்குக் கீழே அந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். ‘மேனேஜர்’ என்ற சொல்லே ருமேனிய மொழிக்குள் வந்துவிட்டதும் உண்மை. 2006-ஆம் ஆண்டின் 95-ஆம் எண் சுகாதாரச் சட்டத்தில் அரசு மருத்துவமனையின் தலைமைப் பதவிக்குப் பெயரே மேனேஜர்தான். உங்களை நிஜமாகவே மேனேஜர் ஆக்க நினைத்தால் அந்தச் சொல்லையே போட்டிருப்பார்கள், வெட்கப்பட மாட்டார்கள்.

‘மெனஜேர’ என்று காதில் விழுந்தால் பெண் மேனேஜர் என்று எழுந்து நிற்காதீர்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தப் பெயர். ‘மெனஜா’ என்ற வினைக்கும் நிர்வாகத்துக்கும் தொடர்பில்லை. ஒருவரை நோகாமல், பதமாக நடத்துவது என்று பொருள். பிரெஞ்சு வழியாக வந்த குடும்பம் அது. ‘கொந்தூச்சே’ என்பது தலைமை தாங்குவதும்தான், வண்டி ஓட்டுவதும்தான். ‘நீ கொந்தூச்சே செய்வாயா?’ என்று கிடங்கில் உங்களைக் கேட்டால், தலைமைப் பதவி தரப்போகிறார்கள் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். பெரும்பாலும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அதற்குத் தனி உரிமம் வேண்டும், இல்லாமல் ஏறி உட்காராதீர்கள்.

இனி உங்கள் சனிக்கிழமைக்கு வருவோம். என்னைக் கேட்டால், ருமேனியாவில் பிழைக்க ஒரே ஒரு வினைச்சொல்லை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது இந்தத் ‘தெஸ்கூர்கா’தான். ‘இன்கூர்கா’ என்றால் சிக்கலாக்குவது, நூலைச் சிக்காக்குவது. அதற்கு எதிர்ச்சொல்தான் இது: சிக்கு எடுப்பது. ‘ம தெஸ்கூர்க்’ என்றால், என்னை நானே சிக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அம்மா ஒற்றைச் சொல்லில் ‘சமாளிச்சுக்குவேன்’ என்பாரே, அச்சு அசல் அதுதான். உங்களிடம் கேட்கப்பட்டது, ‘தனியாகச் சமாளித்துக்கொள்வாயா?’ ‘சிங்கூர்’ என்றால் தனியாக. நீங்கள் ஆமாம் என்றீர்கள். அவர் ஓர் ஆளைக் குறைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு காலமே இருக்கிறது. 1980-களில் சௌஷெஸ்கு வெளிநாட்டுக் கடன் முழுவதையும் அடைத்தே தீருவது என்று இறங்கி, விளைந்ததில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்தார். ரொட்டி, எண்ணெய், சர்க்கரை எல்லாம் ரேஷன். வீடுகளில் குளிர்காய வெப்பமில்லை, கடையில் இறைச்சியில்லை. சட்டப்படி கிடைக்காததை யாரையாவது பிடித்து வாங்கிவரத் தெரிந்தவரே குடும்பத்தைக் காப்பாற்றினார். அப்படிப்பட்டவருக்குத் ‘தெஸ்கூர்கரெத்ஸ்’ என்று பெயர், சமாளிப்பதில் கெட்டிக்காரர். ருமேனியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயர்ச் சுருக்கம் பெ-செ-ரெ. மக்கள் அதற்குத் தாங்களே ஒரு விரிவு வைத்திருந்தார்கள்: ‘பிலே, குனோஷ்தின்த்ஸே, ரெலாத்ஸி’. சிபாரிசு, அறிமுகம், தொடர்பு. இன்றும் ஒருவரைத் தெஸ்கூர்கரெத்ஸ் என்றால் அதில் பாதி மெச்சுதல், பாதி ‘இவனிடம் கொஞ்சம் ஜாக்கிரதை’. யாராவது உங்களை அப்படிச் சொன்னால் சொல்பவரின் புருவத்தைப் பாருங்கள்.

அதனால் அந்த வினை மூன்று விதமாக வரும்போது மூன்று விதமாக எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் ருமேனிய மொழி எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் ‘ம தெஸ்கூர்க்’ என்பது அழகான பதில், பெருமையும் இல்லை, குறையும் இல்லை. பையைத் தூக்க ஒருவர் கைகொடுக்க வரும்போது ‘லாஸ, ம தெஸ்கூர்க்’ என்றால் பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நாசூக்காக மறுப்பது. மேலே இருப்பவர் ‘தெஸ்கூர்க-தே!’ என்றால்? எப்படியாவது செய்து முடி, என்னிடம் வராதே. கதவைச் சாத்துகிற சத்தம் அது. அப்போது தலையாட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். எதைச் செய்ய வேண்டும், எதற்குள் செய்ய வேண்டும் என்பதையாவது அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது போய் ‘நூ ம தெஸ்கூர்க்’, என்னால் சமாளிக்க முடியவில்லை, என்று சொல்லலாமா என்றால், வேண்டாம். அது உங்களுக்குத் திறமை போதவில்லை என்பதுபோல ஒலிக்கும். இதற்கு வேறொரு சொல் இருக்கிறது: ‘ஃபாச்சே ஃபாத்ஸ’. எதிரே வருவதற்கு முகம் கொடுத்து நிற்பது, ஈடுகொடுப்பது. நவம்பரில் ப்ளாக் ஃப்ரைடே விற்பனை வந்தால் கிடங்கு முழுக்க ‘நூ ஃபாச்செம் ஃபாத்ஸ’ என்று கேட்கும். ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவு குவிகிறது என்று பொருள். அதில் பழி ஆளின் மேல் இல்லை, வேலையின் அளவின் மேல் விழுகிறது. உங்கள் ஷிப்ட் தலைவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘சிங்கூர் நூ ஃபாக் ஃபாத்ஸ, யே த்ரெயாப தே தோய் ஒவாமென்’. தனியாக ஈடுகொடுக்க முடியவில்லை, இது இரண்டு ஆள் வேலை. வெள்ளிக்கிழமையே சொல்லுங்கள், சனிக்கிழமை வேலை நடுவில் சொன்னால் சண்டையாகிவிடும்.

மற்ற மேனேஜ்களை வேகமாகக் கடந்துவிடலாம். சம்பளத்தை வைத்து மாதக் கடைசிவரை ஓட்டுவதை ‘ஓ ஸ்கோத் லா கபத்’ என்பார்கள், கடைசி நுனிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று. எப்படியோ செய்து முடித்துவிட்டேன் என்பதற்கு ‘அம் ரெயுஷித்’. கையால் ஒன்றைப் பக்குவமாகக் கையாள்வதற்கு ‘முனுயி’, கைக்கு ‘முன’ என்பதிலிருந்து வந்தது. ஆங்கில மேனேஜும் இத்தாலியில் குதிரையைக் கையால் பழக்கிய சொல்லிலிருந்து புறப்பட்டதுதான். மூலத்தில் இரண்டும் ஒரே லத்தீன் கை. இந்த ‘மு’வைச் சொல்ல மற்ற நாட்டவர் படாத பாடு படுவார்கள். நமக்குக் கஷ்டமே இல்லை. ‘அது’, ‘பாட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, நம் குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதே ஒலிதான்.

‘டீல்’ பக்கம் வருகிறேன். உங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் ‘தெயாலு மாரே’ என்று திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பகுதி வரும். ஒயின் பாட்டில்களிலும் அந்தப் பெயர் இருக்கும். அதன் முதல் சொல்லில் ஆங்கில டீலின் நான்கு எழுத்தும் அப்படியே இருப்பதைக் கண்டு ‘பெரிய வியாபாரம்’ என்று படித்தவர்களை எனக்குத் தெரியும். பெரிய குன்று என்பதுதான் பொருள். ருமேனிய மொழியில் அந்த நான்கு எழுத்துக்குக் குன்று என்று அர்த்தம், உச்சரிப்பும் ‘தெயால்’.

பேரம் என்ற பொருளில் பழைய நாட்டுச் சொல் ‘துர்க்’. ஸ்லாவிய மொழியிலிருந்து வந்தது. சந்தைக்கும் அதுவே பெயர், சந்தையில் நடக்கும் பேரத்துக்கும் அதுவே. பேரம் பேசுவது ‘துர்குயி’. சந்தை கூடிய இடங்களே ஊர்களாகிவிட்டதால் வரைபடத்தில் துர்கு முரேஷ், துர்கு ஜியு என்று வரிசையாகப் பார்க்கலாம். உங்களுக்கு மேற்கே இருக்கும் துர்கோவிஷ்தே, ஒரு காலத்தில் வாலாக்கியா என்ற பழைய சிற்றரசின் தலைநகராக இருந்த ஊர், அதன் பெயரிலும் சந்தைதான் உட்கார்ந்திருக்கிறது. பேரம் படிந்தால் ‘பாத்தெம் பால்மா’ என்பார்கள், உள்ளங்கையை அடிப்போம் என்று. மாட்டுச் சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் கையோடு கை தட்டி முடிப்பதிலிருந்து வந்த பேச்சு. இன்று கார் வாங்குபவர்களும், கூட்டணி பேசும் கட்சிகளைப் பற்றி எழுதும் செய்தித்தாள்களும் அதையே சொல்கின்றன. பேரம் முடிந்தபின் சேர்ந்து குடிக்கும் ஒரு கிளாஸுக்குக்கூடத் தனிப் பெயர் உண்டு, ‘அல்தமாஷ்’. ஹங்கேரிய மொழியிலிருந்து வந்த சொல். கிராமத்தில் யாரிடமாவது பழைய சைக்கிளை வாங்கினால் உங்களையும் கூப்பிடுவார்கள். குடிக்கும் பழக்கம் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அன்றாடப் பேச்சில் ‘டீல்!’ என்று ஒப்புக்கொள்வதற்குச் ‘சா ஃபகூத்’. முடிந்தது என்று வைத்துக்கொள் என்ற தொனி. அவசரத்தில் அதைச் சொல்லாதீர்கள், சொன்னால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். நிறுவனங்களுக்கு இடையிலான வியாபாரம் ‘அஃபாச்சேரே’, சமரசமாகப் பேசி வந்த உடன்பாடு ‘இந்த்ஸெலேஜேரே’. ‘த்ராத்தா’ என்பது பல வேலை செய்யும் சொல். மருத்துவர் நோயாளிக்குச் செய்வதும், பேச்சாளர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுவதும், தூதர்கள் உடன்படிக்கைக்காகப் பேசுவதும் அதில் அடங்கும். உங்கள் கிடங்கில் அதற்கு வேலை குறைவு. ‘டீலர்’ என்று மட்டும் உங்களைச் சொல்லிக்கொள்ளாதீர்கள். கார் ஷோரூம் வைத்திருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் போலீஸ் தேடும் போதைப்பொருள் விற்பவர் என்றுதான் நினைப்பார்கள்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் டீல் இன்னொன்று: ‘ம ஒகூப் யெவ்’. நான் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர் புகாரோ, கிழிந்த பெட்டியோ, லாரி தாமதமோ, ‘ஐ வில் டீல் வித் இட்’ என்று ஆங்கிலத்தில் தோன்றும் இடத்தில் எல்லாம் இதுதான். ஆனால் இதைச் சொன்னவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். ‘தே ஒகூப் தூ?’ என்று கேட்டால், ‘இதை நீ ஏற்றுக்கொள்கிறாயா?’ என்று பொருள். நாளைக்கு அது நடக்காவிட்டால் உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றில் இழுத்துவிட்டால் ‘நம் தெ-ஆ ஃபாச்சே கு அஸ்தா’, எனக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பட்டியல் கேட்டீர்கள், நான் தரவில்லை, வேண்டுமென்றேதான். ஆங்கிலத்துக்கு எதிரே ருமேனியம் என்று எழுதிய பட்டியல்தான் உங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து விட்டது. சமாளிப்பது, பார்த்துக்கொள்வது, ஈடுகொடுப்பது, நடத்துவது, ஒருவழியாக முடிப்பது, பொறுப்பில் வைத்திருப்பது. தமிழில் யோசிக்கும்போது இவற்றை நீங்கள் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலம் எல்லாவற்றையும் மேனேஜ் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. சாக்கை ருமேனியப் பக்கம் அவிழ்க்கும்போது எது எது என்று தெரியாமல் போகிறது. சொல்ல நினைப்பதை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். அதிலிருந்து நேரே ருமேனியத்துக்குப் போங்கள். புதுச் சொல் ஒன்று எதிர்ப்பட்டால், ருமேனிய மொழியிலேயே விளக்கம் தரும் டெக்ஸ் அகராதியில் பாருங்கள். 1975-இல் முதற்பதிப்பு வந்த அகராதி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜெஸ்தியோனார் என்று அதில் தேடினால் பொருள்களைப் பெற்று, வைத்து, வழங்கும் ஊழியர் என்றுதான் வரும். மேனேஜர் வரமாட்டார்.

அலுவலகத்துக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள்: ‘ரஸ்பூந்த் யெவ் தே மார்ஃப?’ சரக்குக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? ‘தா’ என்றால், பிணைத்தொகை எவ்வளவு, சாவி யாரிடம், கணக்கெடுப்பு என்றைக்கு என்று மேலே சொன்னபடி கேளுங்கள். பதில்களை எழுத்தில் வாங்குங்கள். திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். அம்மாவிடம் ஸ்டோர் கீப்பர் வேலை என்று இப்போதே சொல்லிவிடுங்கள். தெருவில் இன்னொரு முறை சுற்றிவர அவருக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்.